முன்பக்கம் கிராமர், பின்பக்கம் குழந்தை

திண்டிவனம்
14-3-1985

ராஜாமணிக்கு,

என் அண்ணன் இருதயராஜின் வலது கையில் மூன்று விரல்கள் முறிந்திருக்கின்றன. இதைச் சொன்னவர் ஜெயில் டாக்டர். நேற்று வக்கீல் நேரில் கேட்டுக்கொண்டு வந்தார். சுண்டுவிரல் இனி மடங்காது. மற்ற இரண்டும் சேருமா என்பது கட்டைப் பிரிக்கும்போதுதான் தெரியும்.

எப்படி முறிந்தது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன். சனிக்கிழமை உங்கள் வீட்டு மாடியிலிருந்து ஓடிய அவனை உங்கள் காணை ஊர் ஆட்கள் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். ஒருவன் முதுகில் உட்கார்ந்துகொண்டான். இன்னொருவன் கையை இழுத்துச் சிமெண்டு மேடையில் வைத்தான். "எழுதற கை இதானடா வாத்தியாரே?" என்று கேட்டுவிட்டுச் செங்கல்லால் அடித்தார்கள். பூ விற்கிறவர்கள், கண்டக்டர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் போலீசில் ஒப்படைத்தார்கள்.

மறுநாள் எங்கள் ஊர் கோலியனூரில் பூசை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில் எங்கள் கரும்புக்குத் தீ வைத்தார்கள். வெட்டுக்கு நின்ற கரும்பு. குறுக்கே போன அம்மாவின் தோளில் கல் விழுந்தது. அம்மா இன்னும் கையைத் தூக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்தபடி ஜெபமாலை உருட்டுகிறாள்.

சண்டை எதற்கு என்று ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள். காகிதத்துக்கு என்பது உனக்கும் எனக்கும் தெரியும். உன் அண்ணன் சின்னதுரையும் என் அண்ணனும் உங்கள் மாடியில் டுடோரியல் ஆரம்பித்த நாளிலிருந்து நோட்ஸை ஒரே தாளில்தான் மெஷினில் ஓட்டி நகல் எடுத்தார்கள். முன்பக்கம் சின்னதுரை சாரின் இங்கிலீஷ் கிராமர், பின்பக்கம் என் அண்ணனின் குழந்தை வளர்ச்சி. காகிதம் மிச்சம் என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டார்கள். பிரிந்து திண்டிவனத்தில் தனியாக நடத்துகிறேன் என்று என் அண்ணன் கிளம்பியபோது அந்தத் தாளை எப்படிப் பிரிப்பது? ஏப்ரல் பரீட்சைக்கு இங்கே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று கட்டுகளை எடுக்க வந்தான். அவ்வளவுதான்.

அவன் சொல்வது இது. சின்னதுரை தள்ளினார், மூக்குக்கண்ணாடி விழுந்தது. கண்ணாடி இல்லாமல் அவனுக்கு எதிரே நிற்பவன் முகம் தெரியாது. தரையில் தேடிக்கொண்டிருந்தபோது சின்னதுரை மேலே வந்து விழுந்தார். இருவருமாக அலமாரியில் சாய்ந்தார்கள். தான் அடிக்கவில்லை என்கிறான்.

நாம் இருவரும் இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆசிரியப் பயிற்சி படித்தவர்கள். அதனால் உன்னைக் கேட்கிறேன். அவன் அடித்ததை யார் பார்த்தது?

இருதயசெல்வி

*

விழுப்புரம்
17-3-1985

செல்வி,

அண்ணன் கண் திறக்கவில்லை. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் இன்று காலை வார்டு நர்ஸ் சொன்னது. மண்டை ஓட்டில் ஒரு துண்டு உள்ளே அமுங்கியிருந்தது, எடுத்துவிட்டார்கள். வாய் மட்டும் எப்போதாவது அசைகிறது. நேற்று நான் பக்கத்தில் இருந்தபோது, "ஹேட் பெட்டருக்குப் பிறகு டூ வராது, எத்தினி வாட்டி சொல்றது" என்று கிராமர் பாடம் சொன்னான். அண்ணி கோவிந்தம்மாள் ஓடி வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நினைவு வந்துவிட்டது என்று நினைத்தாள். டாக்டர், இது நினைவு இல்லை, பழக்கம் என்றார்.

உன் அண்ணனுக்கு மூன்று விரல். கணக்குப் பார்க்கிறாயா?

யார் பார்த்தது என்று கேட்கிறாய். நான் கீழே இருந்தேன். அலமாரி விழுந்த சத்தத்தில் வீடு அதிர்ந்தது. மாடிக்கு ஓடினேன். தரை முழுக்க ஸ்டென்சில் மை. அதில் ரத்தம் கலந்து கறுப்பாக ஓடியது. கண்ணாடிச் சில்லுகளின் நடுவில் உன் அண்ணன் கிடந்தார். பக்கத்தில் சைக்ளோஸ்டைல் மெஷினின் இரும்புக் கைப்பிடி. சீனுவாசன் என் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அடிச்சிட்டாண்டி, இருதயராஜ் அடிச்சிட்டாண்டி" என்று கத்தினார். அவர் எனக்கு மாமன் மகன், வைகாசியில் எனக்குத் தாலி கட்டப் போகிறவர். அதனால் அவர் சொல்லை நம்பவேண்டாம் என்பாய். சரி.

அம்மணி இருந்தாள். என் அண்ணன் பெற்ற ஒரே பிள்ளை, ஆறு வயது. மூலையில் பாய் போட்டு எழுதிக்கொண்டிருந்தவள். தெருவில் காணையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். "புள்ள மேலதான் இருந்துச்சி, புள்ளயக் கேளு. நீதான டீச்சருக்குப் படிக்கிற, நீயே கேளு" என்றார்கள். நான் கேட்டேன். "இருதயம் சார்தான்" என்றாள் அம்மணி. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குள் உன் அண்ணன் படியிறங்கி ஓடியிருந்தார். அவள் வாய் மூடுமுன்பே ஆட்கள் சைக்கிளை எடுத்துவிட்டார்கள். சீனு முன்னால் போனார். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை.

கரும்புக்குத் தீ வைத்தது எனக்குத் தெரியாது. உன் அம்மாவுக்கு அடிபட்டதும் உன் கடிதத்தில்தான் தெரிந்தது.

இனி எழுதாதே.

ராஜாமணி

*

திண்டிவனம்
20-3-1985

ராஜாமணிக்கு,

எழுதாதே என்றாய். ஒரு கேள்விக்காக எழுதுகிறேன்.

அம்மணியிடம் நீ என்ன கேட்டாய்? கருத்து வேண்டாம். வார்த்தைக்கு வார்த்தை வேண்டும்.

ஏன் கேட்கிறேன் என்றால், தை மாதம் செய்முறைத் தேர்வுக்காக நாம் இருவரும் அதே குழந்தையை உட்காரவைத்துக் கதை சொன்னோம். ஒரு பையன் அம்மாவுக்கு உதவி செய்யத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான், தடுக்கி விழுந்தான், தட்டில் இருந்த டம்ளர் எல்லாம் உடைந்துபோயிற்று. இன்னொரு பையன் வெல்லம் திருடப் பரண்மேல் ஏறினான், ஒரு டம்ளர் உடைந்தது. எந்தப் பையன் கெட்டவன்? அம்மணி யோசிக்கவே இல்லை. "டம்ளர் எல்லாத்தையும் ஒடைச்சவன்தான்" என்றாள். குழந்தை மனவியல் பாடத்தில் பியாஜே சொன்னது அச்சு மாறாமல் வருகிறது என்று நீதான் கைதட்டினாய். அந்த வயதில் குழந்தை, செய்தவன் மனதில் இருப்பதைப் பார்ப்பதில்லை, சேதத்தின் அளவைப் பார்க்கிறது. என் அண்ணன் நோட்ஸின் பின்பக்கத்தில் இருக்கிறது. பரீட்சைக்கு நிச்சயம் வரும் என்று நீ கோடு போட்டு வைத்திருந்தாய்.

மாடியில் அலமாரியைச் சாய்த்தது என் அண்ணன். மை, கண்ணாடி, எல்லாம் அவன் உடம்பு பட்டுப் போனது. உன் அண்ணன் தலையில் விழுந்தது ஒரே அடி.

அதனால்தான் நீ கேட்ட கேள்வி வேண்டும்.

இன்னொன்று. ஜாமீன் மனு ஏப்ரல் மூன்றாம் தேதி புதன்கிழமை விழுப்புரம் கோர்ட்டில் வருகிறது. என் பெரியப்பா மகன் பாக்கியராஜ் அன்றைக்கு ஆட்களோடு வருகிறான். "சீனுவாசன் கோர்ட்டு வாசப்படி ஏறட்டும், எறங்கும்போது நாலு பேரு தூக்கினுதான் போவணும்" என்று எங்கள் வீட்டில் வைத்தே சொன்னான். சைக்கிள் செயினைத் துணியில் சுற்றிக் கைப்பிடி கட்டிக்கொண்டிருக்கிறான். கண்ணால் பார்த்தேன். இதை மிரட்டலாக எழுதவில்லை. அம்மா சொல்லியும் கேட்கவில்லை. தவக்காலம் என்று மாமிசம்கூடத் தொடாதவன்.

செல்வி

*

விழுப்புரம்
23-3-1985

செல்வி,

என் அண்ணன் மகளைப் பரீட்சைத் தாளாக்காதே.

உன் அண்ணன் எழுதிய நோட்ஸை வைத்து உன் அண்ணனையே விடுவிக்கப் பார்க்கிறாய். உன் ஆள் செயின் கட்டுகிறான் என்று எனக்கே எழுதுகிறாய். இங்கேயும் கைகட்டிக்கொண்டு யாரும் இல்லை. காணையிலிருந்து நேற்று வந்தவர்கள் கரும்பு வெட்டும் கத்தியைச் சாக்கில் சுருட்டி எங்கள் மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். புதன்கிழமை அவர்களுக்கும் தெரியும்.

நீ நினைப்பது எனக்குப் புரிகிறது. பெயரைச் சொல்லாமல், மாடியில் இருந்த மூன்றாவது ஆள் சீனுவைச் சொல்கிறாய். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவர் அவர்தான். ரத்தம் கொடுத்தவர் அவர். அம்மணி அவர் மடியில்தான் சாப்பிடுகிறாள். தன் அப்பாவை அடித்தவன் மடியில் ஒரு குழந்தை உட்காருமா? இதற்கு உன் நோட்ஸில் பதில் இருக்கிறதா?

நான் இதோடு முடித்திருக்க வேண்டும். தபால்காரர் வர நேரம் இருப்பதால் எழுதுகிறேன். நான் கேட்டது: "யாருடி தப்பு பண்ணது?" அவள் சொன்னது: "இருதயம் சார்தான். எல்லாத்தையும் ஒடைச்சிட்டாரு." பின்பாதியை யாரும் காதில் வாங்கவில்லை. நானும் அன்றைக்கு வாங்கவில்லை.

போதுமா?

ராஜாமணி

*

திண்டிவனம்
26-3-1985

ராஜி,

போதும்.

மடியைப் பற்றிக் கேட்டாய். பதில் இருக்கிறது, ஆனால் நான் சொல்லமாட்டேன். நீயே அம்மணியைக் கேள். யார் தப்பு, யார் கெட்டவர், யார் அடித்தது என்று எதையும் கேட்காதே. முதலில் என்ன நடந்தது, அப்புறம் என்ன நடந்தது, இவ்வளவு மட்டும். நீயாக ஒரு பெயரையும் எடுக்காதே. நமக்குச் சொல்லிக்கொடுத்த முறை இதுதான்.

என் அண்ணன்தான் அடித்தான் என்று வந்தால் அதையும் எழுது. பாக்கியராஜிடம் படித்துக் காட்டுகிறேன். செயினைக் கீழே வைக்கச் சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டும். அது எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி.

இல்லை என்று வந்தால் உனக்கு என்ன போகும் என்பது எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தாகிவிட்டது என்று பொங்கலுக்கே சொன்னாய். கேட்காமல் இருக்கவும் உனக்கு உரிமை இருக்கிறது.

செல்வி

*

விழுப்புரம்
28-3-1985

செல்வி,

இடது கண் வீங்கி மூடியிருக்கிறது. எழுத்து கோணலாகப் போனால் அதுதான் காரணம்.

நேற்று கேட்டேன். அண்ணி அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் அம்மணியை உட்காரவைத்துச் சாக்பீஸ் துண்டுகளைக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு துண்டு, அலமாரிக்கு ஒரு தீப்பெட்டி. யார் யார் எந்தத் துண்டு என்று அவளே வைத்தாள். "மொதல்ல இன்னாடி ஆச்சி?" என்று கேட்டேன்.

"இருதயம் சாரு பேப்பர் கட்டெல்லாம் எட்த்துக்கினு போறேன்னாரு. அப்பா உடமாட்டேன்னிச்சி. நீ பின்பக்கம் கிழிச்சிக்கினு போடான்னு சொல்லிச்சி."

"அப்பறம்?"

"அப்பா தள்ளிச்சி. சாரு கண்ணாடி உழுந்துடுச்சி. சாரு நாலு கால்ல தேடிக்கினு இருந்தாரு. எனக்குச் சிரிப்பு வந்துச்சி."

"அப்பறம்?"

"சீனு மாமா மெஷினு கைப்பிடியக் கழட்டினாரு. சார அடிக்க வந்தாரு. டேய் வேணாண்டான்னு அப்பா குறுக்க பூந்துச்சி. அப்பா தலையில பட்டுடுச்சி. அப்பா சாரு மேல உழுந்துச்சி, சாரு அலமாரி மேல உழுந்தாரு. டமால்னு எல்லாம் ஒடைஞ்சிடுச்சி அத்தை. என் ரோஸ் கலர் டம்ளரும் ஒடைஞ்சிடுச்சி."

ஒவ்வொன்றுக்கும் துண்டை நகர்த்திக் காட்டினாள். கடைசியில் தீப்பெட்டியைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நீ சொன்ன முறையை மீறி ஒரு கேள்வி கேட்டேன். "சீனு மாமா அடிச்சார்னு அன்னிக்கே ஏண்டி சொல்லல?"

"நீ அதக் கேக்கலியே. மாமா ஒண்ணும் ஒடைக்கலியே."

"அப்பா தலை ஒடைஞ்சிதே."

"அது ஒண்ணே ஒண்ணுதான அத்தை."

வாசலில் சீனு நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. கையில் ஆஸ்பத்திரிக்கு வாங்கிய சாத்துக்குடிப் பை. "சும்மா இருக்கற புள்ளையை ஏண்டி கெளறுற? பேஜாரு பண்ணாத ராஜி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அம்மணியைத் தூக்கப் போனார். நான் நடுவில் நின்றேன். என் தலைமயிரைப் பிடித்து முகத்தை நிலைப்படியில் மோதினார். இரண்டாவது மோதலில் ஒரு பல் போயிற்று. "நான் அவனைத்தான் அடிச்சேன், அண்ணன யாரு வரச் சொன்னது? நீ சொல்லு, யாரு வரச் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே மோதினார்.

அண்ணி உலக்கையோடு வந்தாள். அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷத்தில் அண்ணி குரல் உயர்த்தி நான் பார்த்ததில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. சீனு என்னை விட்டார். இரண்டாவது முழங்காலில். மூன்றாவது குறி தப்பி அடுக்குப் பானைகள்மேல் விழுந்தது. மேலே இருந்த கேப்பை, அதற்குக் கீழே மல்லாட்டைக் கொட்டை, அடியில் புளி, எல்லாம் கூடம் முழுக்க. "எம் புருஷனுக்குப் பால் ஊத்தறதுக்கா பழம் வாங்கினு வந்த?" என்று கேட்டு நான்காவதாக ஓங்கினாள். சீனு காலை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்.

பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் ஓடி வந்தார். நான் வாயில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தேன். எங்களை விட்டுவிட்டு அவர் அம்மணியைப் பிடித்துக்கொண்டார். "யாருடி பாப்பா இப்பிடிப் பண்ணது?"

அம்மணி சிதறிக் கிடந்த பானை ஓடுகளைப் பார்த்தாள்.

"எங்க அம்மா" என்றாள்.

அப்படியே பல் போன இடத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு லட்சுமியம்மாளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். படிக்கு அடியில் இருக்கும் சாக்கையும் சொன்னேன். வந்து எடுத்துப் போனார்கள். அதிலிருந்து காணை ஆட்கள் ஒருவரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் உங்கள் பக்கம் விலைபோய்விட்டேன் என்று பேச்சு.

உன் அண்ணனின் விரல்களை யாராலும் நிமிர்த்த முடியாது. என் கேள்விதான் அவற்றை உடைத்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் நிலையில் நான் இன்னும் வரவில்லை. அண்ணன் எழட்டும்.

ராஜி

*

திண்டிவனம்
1-4-1985

ராஜி,

சீனுவாசனைப் பனமலையில் பிடித்துவிட்டார்கள். வக்கீல் இன்று காலை ஸ்டேஷனில் கேட்டு உறுதி செய்தார். ஏரிக்கரையில் ஒரு மோட்டார் கொட்டகையில் முழங்கால் வீங்கிக் கிடந்தாராம். நாளைக்கு விழுப்புரம் வரும் வக்கீல் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். தபாலை நம்பி இருக்க நேரமில்லை.

உன் கடிதத்தை அண்ணனுக்குப் படித்துக் காட்ட மனு போட்டேன். நேற்று விட்டார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று படித்தேன். சின்னதுரை சார் குறுக்கே புகுந்தார் என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னான். அது அவனுக்குத் தெரியாது, ராஜி. தன்மேல் விழுந்தவர் அடிக்க விழுந்தார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தான். அந்த நினைப்பில் கீழே கிடந்தபடியே அவர் விலாவில் உதைத்தானாம். வக்கீலிடம்கூடச் சொல்லாததை நேற்றுச் சொன்னான். கட்டுப்போட்ட கையைக் கம்பியில் இடித்துக்கொண்டான். வார்டர் வந்து பிடிக்க வேண்டியிருந்தது. இதை உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். கோர்ட்டிலும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

பாக்கியராஜிடமும் உன் கடிதத்தைப் படித்தேன். "அப்ப சீனுதானே? சொன்னேன் இல்ல?" என்றான். அவனுக்கு அதில் கேட்டது அந்த ஒன்றுதான். உன் பல், உன் அண்ணி, எதுவும் ஏறவில்லை. செயினைக் கேட்டேன், சீனுவாசனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவார்கள் என்று கொடுக்கவில்லை. புதன்கிழமை கோர்ட் வாசலில் நான் அவன் பக்கத்திலேயே நிற்கப்போகிறேன். செயினை வீசுவதானால் என்னைத் தாண்டித்தான் வீச வேண்டும் என்று அம்மா எதிரில் சொல்லியிருக்கிறேன். அம்மாவும் வருகிறாள், ஒரு கையோடு.

இனி தெரிய வேண்டியவை. சின்னதுரை சார் எப்போது கண் திறப்பார் என்பதை டாக்டர்கள் சொல்லவில்லை. அண்ணன் கைக்கட்டைப் பிரிப்பது ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி. நம் பரீட்சை இருபத்திரண்டாம் தேதி தொடங்குகிறது. முதல் நாள் இங்கிலீஷ், மறுநாள் குழந்தை வளர்ச்சி. நீ வருவாயா என்பதை நீதான் எழுத வேண்டும். உனக்கு நோட்ஸ் வேண்டுமானால் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது, இரண்டு பக்கமும் கிழியாமல்.

ஜாமீன் மனுவுக்கு முன்பாக மாஜிஸ்ட்ரேட் அம்மணியைத் தன் அறையில் வைத்து, தானே கேட்கப்போகிறாராம். சாக்பீஸையும் தீப்பெட்டியையும் கொண்டுவந்துவிடு. அனுமதிப்பாரா என்று வக்கீல் கேட்டுப் பார்ப்பார். முதலில் என்ன நடந்தது என்று கேட்கும்படி ஒரு மனுவும் எழுதிக் கொடுக்கிறோம். ஆனால் அவருக்கு நாம் சொல்லிக்கொடுக்க முடியாது என்கிறார் வக்கீல். அவர் என்ன கேட்பார் என்பது புதன்கிழமை பதினோரு மணிக்குத் தெரியும்.

செல்வி